இரண்டு பட்டியல்களைப் பொது எண்ணால் இணைத்தல்: குமரி மாவட்டக் கணக்கர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பகுதிகளில் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களிலும் மகளிர் குழுக்களிலும் ஊராட்சிகளிலும் கணினியில் கணக்கு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொரு பட்டியலோடு எப்படிச் சேர்ப்பது? அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் எக்செலையும், பட்டியல்களைத் திருத்தி இணைக்க அதனுள் இருக்கும் பவர் குவரி என்னும் கருவியையும் முதன்மையாகக் கொண்டவை. பிற மென்பொருள்களில் பொத்தானின் பெயர் மாறுமே தவிர நடப்பது ஒன்றுதான்.

இரண்டு பட்டியலைச் சேர்ப்பது என்றால் ஒன்றின் கீழ் ஒன்றை ஒட்டுவதுதானே?

இல்லை. அது வேறு வேலை. ஜனவரி மாத ரப்பர் பால் வரவின் கீழே பிப்ரவரி மாதப் பால் வரவை ஒட்டினால் வரிகள் கூடும், நெடுவரிசைகள் அப்படியே இருக்கும். பவர் குவரியில் அதற்கு 'அப்பெண்ட்' என்று பெயர். இந்தப் பக்கம் பேசுவது 'மெர்ஜ்' என்னும் இணைப்பைப் பற்றி. ஒரு சங்கத்தில் உறுப்பினர் எண், பெயர், ஊர், வங்கிக் கணக்கு ஆகியவை கொண்ட உறுப்பினர் பட்டியல் ஒன்றும், தேதி, உறுப்பினர் எண், கிலோ, டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பர்) விழுக்காடு ஆகியவை கொண்ட பால் வரவுப் பதிவு ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரவின் பக்கத்திலும் அதற்குரியவரின் வங்கிக் கணக்கு வந்து நிற்க வேண்டுமானால், இரண்டிலும் பொதுவாக உள்ள உறுப்பினர் எண்ணைப் பிடித்துத்தான் கொண்டுவர முடியும். அந்தப் பொது நெடுவரிசையைத்தான் 'கீ' என்கிறார்கள்.

எதையும் இணைக்கும் முன் இரண்டு பட்டியல்களையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது? உறுப்பினர் பட்டியலில் ஒரு வரி ஓர் ஆள். பால் வரவில் ஒரு வரி ஓர் ஆள் ஒரு நாள் கொண்டுவந்த பால். பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

பெயரை வைத்தே இணைத்தால் ஆகாதா? எங்கள் ஆட்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. நம் ஊர்களில் ஒரே சங்கத்தில் ஒரே பெயர் உடைய மூன்று பேர் இருப்பது இயல்பு. அதனால்தான் பேச்சில் வீட்டுப் பெயரையோ தகப்பனார் பெயரையோ சேர்த்துச் சொல்கிறோம். எழுத்தில் வரும்போது ஒருவர் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னும் மற்றவர் பின்னும் போடுகிறார். புள்ளி வைப்பவரும் உண்டு, வைக்காதவரும் உண்டு. 'ஜெ'யும் 'ஜெய'வும் ஓர் ஆளின் பெயரிலேயே மாறி மாறி வரும்.

கீயாக இருக்கத் தகுதியுள்ளது எது என்றால், உறுப்பினர் பட்டியலில் திரும்ப வராததும், எல்லா வரியிலும் நிரப்பப்பட்டிருப்பதும், ஆண்டுகள் கடந்தாலும் மாறாததுமான ஒன்று. உறுப்பினர் எண் அப்படிப்பட்டது. கைபேசி எண் அப்படிப்பட்டதல்ல. மாறுகிறது, ஒரு வீட்டில் இருவருக்கு ஒன்றாகவும் இருக்கிறது.

ஆதார் எண் எல்லோரிடமும் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

அது தனித்தன்மை உடையது என்பது உண்மை. 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால் தட்டச்சுப் பிழையைக்கூடக் காட்டிக்கொடுக்கும். என்றாலும் பால் வரவு எழுதும் கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றும் கோப்பு. அதில் ஒவ்வொரு வரியிலும் ஒருவரின் ஆதார் எண் இருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. உங்கள் சங்கமே ஓர் எண் கொடுத்து அதையே எல்லாப் பதிவிலும் எழுதுவதுதான் சரியான வழி.

விலுக்அப் தெரியும். அது போதாதா, பவர் குவரி எதற்கு?

சிறிய பட்டியலில் ஒரே ஒரு விவரத்தைத் தேடிக் கொண்டுவர விலுக்அப் சூத்திரம் போதும். ஆனால் அதன் மூன்று குணங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சூத்திரத்தின் நான்காவது உறுப்பில் 'ஃபால்ஸ்' என்பதையோ பூஜ்யத்தையோ கொடுக்காமல் விட்டால் அது சரியான பொருத்தத்தைத் தேடாது. வரிசைப்படுத்திய பட்டியல் என்று எண்ணிக்கொண்டு கிட்டத்தட்ட வரும் ஒன்றை எடுத்துத் தந்துவிடும், பிழைச் செய்தியும் வராது. கீ இரண்டு முறை இருந்தால் முதலில் கண்டதை மட்டும் தரும். இரண்டாவது இருப்பதையே சொல்லாது. தேடும் நெடுவரிசை இடது ஓரத்தில் இருந்தாக வேண்டும். எக்செல் 2021, 365 பதிப்புகளில் உள்ள எக்ஸ்லுக்அப்பில் முதல் குறையும் மூன்றாவது குறையும் நீங்கிவிட்டன, இரண்டாவது நீங்கவில்லை.

பவர் குவரி எக்செல் 2016 முதல் உள்ளேயே வருகிறது. 'டேட்டா' பட்டியலில் இருக்கும். அது முழுப் பட்டியலையும் முழுப் பட்டியலோடு ஒப்பிடுகிறது, பொருந்திய எல்லா வரிகளையும் தருகிறது, செய்த படிகளை நினைவில் வைத்துக்கொள்கிறது. விலுக்அப்புக்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாட்டால் பலர் குழம்புகிறார்கள்: விலுக்அப் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும், பவர் குவரி அவற்றை வேறு வேறாகக் கொள்ளும்.

லெஃப்ட், ரைட், இன்னர், ஃபுல் என்று ஆறு வகை கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலும் 'லெஃப்ட் அவுட்டர்'. மேலே வைத்த பட்டியலின் எல்லா வரிகளும் இருக்கும்; கீழே வைத்த பட்டியலிலிருந்து பொருந்தியது மட்டும் வரும்; பொருந்தாத இடம் காலியாக நிற்கும். பால் வரவை மேலே வையுங்கள், உறுப்பினர் பட்டியலைக் கீழே வையுங்கள். 'இன்னர்' பொருந்திய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். பணம் கொடுக்க வேண்டிய பட்டியலில் அதைப் பயன்படுத்துவதை நான் ஒப்புக்கொள்வதில்லை, ஏனெனில் எண்ணைத் தவறாக எழுதிய ஒருவரின் பால் கணக்கிலிருந்தே மறைந்துபோகும். 'ஃபுல் அவுட்டர்' இரண்டு பக்கத்து வரிகளையும் விடாமல் தரும்.

மீதமுள்ள இரண்டு 'ஆன்டி' வகைகள். 'லெஃப்ட் ஆன்டி' என்பது மேலே உள்ள பட்டியலில் இருந்து கீழே இல்லாதவற்றை மட்டும் காட்டுகிறது. இதைப் பலர் தொடுவதே இல்லை; ஆனால் சரிபார்ப்புக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்று அந்த ஆறில் இல்லை.

இரண்டு பட்டியலிலும் எண் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிறது. ஆனால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஏன்?

ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்றால் வகை வேறுபாடாகத்தான் இருக்கும். ஒரு பட்டியலில் 48 என்பது எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் சேமிக்கப்பட்டிருக்கிறது. எக்செலில் எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும், நீங்கள் மையப்படுத்தாமல் விட்டிருந்தால். கணக்குப் போடப் பயன்படாத எந்த எண்ணையும் இரண்டு பக்கமும் எழுத்து வகையாக மாற்றிவிடுவது என் பழக்கம். உறுப்பினர் எண்ணை யாரும் கூட்டிப் பார்க்கப் போவதில்லை.

சில பொருந்துகின்றன, சில பொருந்தவில்லை என்றால் இடைவெளியைத் தேடுங்கள். எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கும். 'ட்ரிம்' அதை நீக்கும். ஆனால் இணையத்திலிருந்து நகலெடுத்த அட்டவணையில் வரும் உடையாத இடைவெளி, அதாவது 160 என்னும் எண்ணுடைய குறி, எக்செலின் ட்ரிம்முக்கு அகப்படாது. அதைத் தனியே மாற்றித்தான் நீக்க வேண்டும். முன்னால் வரும் பூஜ்யமும் ஒரு காரணம்: 0048 என்று எழுதியதை எக்செல் 48 ஆக்கிவிட்டிருக்கும்.

வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிட்டன. திரும்பக் கொண்டுவர முடியுமா?

முடியாது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். அதற்கு மேல் உள்ளவற்றைப் பூஜ்யமாக்கிச் சேமித்துவிடும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண் வகைக் கட்டத்தில் தட்டச்சு செய்த கணத்திலேயே கடைசி இலக்கம் போய்விட்டது. பாஸ்புக்கைப் பார்த்துத் திரும்ப எழுதுவதைத் தவிர வழியில்லை. அடுத்த முறை தட்டச்சு செய்யும் முன்னரே அந்த நெடுவரிசையை எழுத்து வகையாக்கிவிடுங்கள்.

ஐ.எஃப்.எஸ்.சி. குறியைக் கீயாகக் கொண்டு வங்கிக் கிளைப் பட்டியலோடு இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் 11 குறிகளில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில 'ஓ' என்று அடித்தவர்கள் ஏராளம்.

ஊர்ப் பெயரைத் தமிழில்தான் எழுதியிருக்கிறோம், எழுத்துப் பிழையும் இல்லை. 'நாகர்கோவில்' 'நாகர்கோவில்' உடன் சேரவில்லை என்கிறது!

இது ஆங்கிலத்தில் எழுதும்போது வராத தொல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க' என்பதோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே அடுத்தடுத்துச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தோவாளை, கொல்லங்கோடு, குருந்தன்கோடு, விளவங்கோடு என்று நம் மாவட்டத்தில் இந்தக் குறி இல்லாத பட்டியலே கிடைக்காது. குறிகளை எண்ணும் 'லென்' சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: முறையாகச் சேமித்த 'நாகர்கோவில்' 11 என்று வரும், பிரித்துச் சேமித்தது 12 என்று வரும். 3015, 3006 என்னும் ஒருங்குறி எண்களுடைய இரண்டு குறிகளும் அடுத்தடுத்து வரும் இடத்தில் 3019 ஐ வைத்தால் ஓகாரம் சரியாகும். 3014, 3006 வரும் இடத்தில் 3018 ஐ வைத்தால் ஒகரம் சரியாகும். எக்செலில் 'யூனிகார்' சூத்திரம் இந்த எண்களைக் குறிகளாக மாற்றித் தரும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள், இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் ஒருங்குறி இயல்பாக்கலை ஒரே வரியில் முடித்துவிடலாம்.

இரண்டாவது பிழை இதைவிடத் தந்திரமானது. 'ர்' என்று எழுத வேண்டிய இடத்தில் காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்துவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது; லென் சூத்திரமும் 11 என்றே சொல்லும். இயல்பாக்கலும் இதைத் திருத்தாது, ஏனெனில் கணினியைப் பொறுத்தவரை இவை தொடர்பற்ற இரு குறிகள். தமிழில் காலுக்குப் பின் புள்ளி வர இடமே இல்லை என்பதால், 3006, 3021 சேர்ந்து வரும் இடங்களில் எல்லாம் 2992, 3021 ஐ வைத்து மாற்றிவிடலாம், அச்சம் வேண்டாம். 'ஔ'காரத்துக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் 'ள'கரமும் அடிப்பதும் இதே இனம்தான், ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது, ஏனெனில் அந்த இரண்டும் சேர்ந்து வரும் முறையான சொற்கள் உண்டு.

தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய கோப்புகளும் பிந்தியவற்றில் சிலவும் வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் இருக்கின்றன. எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தெரிந்தால் அது பழைய முறை. முதலில் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். அதுவரை இணைப்பு என்ற பேச்சே இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு? ஏறத்தாழப் பொருத்தும் வசதியை இட்டால் தானே சேர்ந்துவிடாதா?

பவர் குவரியில் 'ஃபஸி மேட்சிங்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எவ்வளவு ஒத்திருந்தால் ஒன்று எனக் கொள்ளலாம் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவு கேட்கும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 0.80 என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களுக்கு இது ஓரளவு உதவும்: குழித்துறையின் ழகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள்.

ஆனால் நம் கடற்கரையைப் பாருங்கள். மேலமணக்குடியும் கீழமணக்குடியும் வேறு வேறு ஊர்கள். மேல்மிடாலமும் கீழ்மிடாலமும் அப்படியே. ஓரிரு எழுத்து வேறுபாட்டை மன்னிக்கும் கருவிக்கு இந்த ஊர்கள் இரட்டைப் பிள்ளைகளைப் போலத்தான் தெரியும். சிற்றாறு 1, சிற்றாறு 2 அணைகளுக்கும் இதே கதி. ஆகவே ஏறத்தாழப் பொருத்தலை முடிவாகக் கொள்ளாமல் ஆலோசனையாகக் கொள்ளுங்கள்: அது சொல்லும் இணைகளை ஆள் பார்த்து ஒப்புக்கொண்டு, 'தவறான வடிவம், சரியான வடிவம்' என்று இரண்டு நெடுவரிசை உள்ள சிறு பட்டியலாக எழுதி வைத்து, அதன்படி திருத்திய பிறகு முறையான இணைப்பைச் செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளில் உள்ள 'கிளஸ்டர்' வசதி இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

இணைத்த பிறகு வரிகள் கூடிவிட்டன. 4,000 வரி இருந்தது, 4,025 ஆகிவிட்டது. எங்கிருந்து வந்தன?

உறுப்பினர் பட்டியலில் ஓர் எண் இரண்டு முறை இருக்கிறது. பழைய முகவரியோடு ஒரு வரி, புதிய வங்கிக் கணக்கோடு இன்னொரு வரி. அந்த எண்ணுக்கு மாதத்தில் 25 நாள் பால் வரவு இருந்தால், ஒவ்வொரு வரவும் இரண்டு வரியோடும் பொருந்தி 50 ஆகும். வரி கூடியதைவிடக் கவலை தருவது, அவருக்குரிய கிலோவும் தொகையும் இரட்டிப்பாவது. உறுப்பினர் எண்ணின்மேல் 'குரூப் பை' செய்து எண்ணிக்கையைப் பார்த்தால் ஒன்றுக்கு மேல் உள்ளவை உடனே தெரியும்.

இரண்டு பக்கமும் கீ திரும்ப வரும்போது நிலைமை இன்னும் மோசம். ஒருவருக்கு 25 பால் வரவும் 3 முன்பணப் பற்றும் இருக்கின்றன. இரண்டையும் உறுப்பினர் எண்ணால் இணைத்தால் 75 வரி வரும். 25 வரவுகளும் மும்மடங்கு, 3 பற்றுகளும் இருபத்தைந்து மடங்கு. இங்கே பட்டியலில் பிழை இல்லை, இணைத்த நிலைதான் பிழை. பால் வரவை ஆளுக்கு ஒரு வரியாக மாதக் கூட்டாக்குங்கள், முன்பணத்தையும் ஆளுக்கு ஒரு வரியாக்குங்கள், அதன் பின் இணையுங்கள். கூட்டும்போது வெறும் பால் எடையைக் கூட்டி டி.ஆர்.சி.யைச் சராசரி எடுப்பது தவறான தொகையைத் தரும். ஒவ்வொரு நாளும் எடையை அன்றைய டி.ஆர்.சி.யால் பெருக்கி உலர் ரப்பர் எடையாக்கிய பின்னரே கூட்ட வேண்டும்.

பைத்தானின் பாண்டாஸ் என்னும் அட்டவணைத் தொகுப்பைப் பயன்படுத்துவோர் இணைக்கும்போதே 'வேலிடேட்' என்ற உறுப்பில் இது பலவற்றுக்கு ஒன்று என்று அறிவித்துவிடலாம். உண்மை வேறாக இருந்தால் அது இணைக்காமல் நின்றுவிடும். எக்செலில் அந்தக் காவல் இல்லை. இணைப்பதற்கு முன் வரி எண்ணிக்கையையும் கிலோக் கூட்டுத்தொகையையும் எழுதி வைத்து, இணைத்த பின் இரண்டும் மாறாமல் இருக்கின்றனவா என்று நாமே பார்க்க வேண்டும்.

கிள்ளியூர் என்று இரண்டு பட்டியலிலும் இருக்கிறது, இணைப்பும் சரியாக நடந்தது. ஆனால் எண்கள் பொருத்தமாக இல்லையே?

எந்தக் கிள்ளியூர்? கிள்ளியூர் என்பது ஒரு வருவாய் வட்டம், ஓர் ஊராட்சி ஒன்றியம், ஒரு பேரூராட்சி, ஒரு சட்டமன்றத் தொகுதி. நான்கின் எல்லைகளும் வேறு. திருவட்டாரும் அகஸ்தீஸ்வரமும் வட்டம், ஒன்றியம், பேரூராட்சி மூன்றுமாக இருக்கின்றன. கன்னியாகுமரி என்பதோ மாவட்டம், ஊர், சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி. நம் மாவட்டத்தில் வட்டங்களும் ஆறு, சட்டமன்றத் தொகுதிகளும் ஆறு. இந்த ஒற்றுமையைக் கண்டு இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி இணைத்த அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றியங்கள் ஒன்பது என்பதால் அங்கே மட்டும் குட்டு வெளிப்படுகிறது.

பொருந்தாத கீ பிழையைக் காட்டிக்கொடுக்கும். தவறாகப் பொருந்திய கீ காட்டிக்கொடுக்காது. பெயரோடு அது எந்த நிலை என்பதையும் ஒரு நெடுவரிசையாக வைத்து, இரண்டையும் சேர்த்தே கீயாகக் கொள்ளுங்கள்.

சர்வே எண்ணை வைத்து நிலப் பட்டியலையும் பயிர்ப் பட்டியலையும் இணைக்கலாமா?

சர்வே எண் மட்டும் போதாது. அது ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் மட்டுமே தனித்தது. 145 என்னும் எண் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கும். வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்ததே கீ. பவர் குவரியில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மூன்று நெடுவரிசைகளையும் இரண்டு பட்டியலிலும் ஒரே வரிசையில் தேர்ந்தெடுக்கலாம். விலுக்அப்புக்காக மூன்றையும் ஒட்டி ஒரே நெடுவரிசை ஆக்குபவர்கள் இடையில் ஒரு கோட்டைப் போட வேண்டும். இல்லையென்றால் கிராமம் 1, சர்வே 23 என்பதும் கிராமம் 12, சர்வே 3 என்பதும் 123 ஆகிவிடும்.

உட்பிரிவைச் சாய்கோடு போட்டு 12/3 என்று தட்டச்சு செய்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். 145/2 தப்பித்துக்கொள்ளும், 12/3 மாட்டிக்கொள்ளும். அதனால் சில வரிகள் மட்டும் பொருந்தாமல் நிற்கும். வங்கிக் கணக்குக்குச் சொன்ன மருந்துதான் இதற்கும். இன்னொன்று நம் மாவட்டத்தில் அடிக்கடி வருவது: பழைய பத்திரங்களில் பழைய சர்வே எண்ணும், பட்டாவில் ரீசர்வே எண்ணும் இருக்கும். ஒரு பட்டியல் பழையதையும் மற்றது புதியதையும் வைத்திருந்தால், இரண்டுக்கும் நடுவே எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண்ணாயிற்று என்று காட்டும் மூன்றாவது பட்டியல் வேண்டும். பரப்பளவை ஒப்பிடும்போது ஒன்று சென்டிலும் மற்றது ஏரிலும் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட்.

தேதியை வைத்து மழைப் பதிவையும் பால் வரவையும் சேர்த்தோம். மழை நாளிலும் பால் குறையவில்லை என்று காட்டுகிறதே?

முதலில் தேதிகள் தேதிகள்தாமா என்று பாருங்கள். கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05/06 என்பதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06 என்பதைப் புரிந்துகொள்ள முடியாமல் எழுத்தாகவே விட்டுவிடும். மாதத்தின் முதல் 12 நாள்கள் தவறான தேதிகளாகவும் மற்றவை வெறும் எழுத்தாகவும் கிடக்கும். பவர் குவரியில் வகையை மாற்றும்போது 'யூசிங் லோகேல்' என்பதைத் தேர்ந்தெடுத்து இந்திய ஆங்கிலம் என்று சொன்னால் தீரும்.

அது சரியாக இருந்தால் அடுத்த காரணம் மழை அளக்கும் முறை. ஒரு தேதிக்கு எதிரே எழுதப்படும் மழையளவு அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கு உரியது. 6 ஆம் தேதி பிற்பகல் பெய்த மழை 7 ஆம் தேதிக் கணக்கில்தான் வரும். பால்வெட்டு விடியும் முன் நடப்பது. 6 ஆம் தேதி விடியலில் பெய்து வெட்டை நிறுத்திய மழை 6 ஆம் தேதியிலேயே இருக்கும். வெட்டி முடித்துச் சிரட்டையில் பால் வடிந்துகொண்டிருக்கும்போது முற்பகலில் பெய்து பாலைக் கெடுத்த மழை 7 ஆம் தேதியில் இருக்கும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்களோ அதற்கேற்ப ஒரு நாளை நகர்த்திய தேதி நெடுவரிசை ஒன்றை உண்டாக்கி அதன்மேல் இணைக்க வேண்டும். பேச்சிப்பாறையில் அளந்த மழையைக் களியக்காவிளைத் தோட்டத்தோடு சேர்ப்பது தகுமா என்பது இணைப்புக்கு அப்பாற்பட்ட கேள்வி; அதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் எந்த நாள்களுக்கு என்று படகுப் பதிவில் குறிக்க வேண்டும். இதில் பொதுவான கீ எது?

இது நல்ல கேள்வி, ஏனெனில் இங்கே சமம் என்ற பொருத்தம் மட்டும் போதாது. விசைப்படகுகளுக்கான தடை கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்கள். நம் மாவட்டத்தில் இரண்டு கரையும் உண்டு: சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கில் வரும். ஆகவே மாவட்டத்தைக் கீயாகக் கொண்டால் ஒவ்வொரு படகுக்கும் இரண்டு தடை வந்து சேரும், மேலே சொன்ன இரட்டிப்பும் கூடவே வரும். துறைமுகத்தைக் கீயாகக் கொண்டு, துறைமுகம், தொடக்கம், முடிவு என்று மூன்று நெடுவரிசைப் பட்டியலை உண்டாக்கி இணையுங்கள். அதன் பின் கடலுக்குப் போன தேதி தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் இருக்கிறதா என்று தனி நெடுவரிசையில் கணக்கிடுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இன்றைய பட்டியலோடு இணைத்தால் சில மாவட்டங்கள் காலியாக நிற்கின்றன.

2011 இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. தென்காசி 2019 இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. ஆகவே பழைய திருநெல்வேலியின் எண்ணைப் புதிய திருநெல்வேலியோடு சேர்த்தால் பெயர் பொருந்தும், பொருள் பொருந்தாது. நம் மாவட்டத்தின் எல்லை மாறவில்லை என்றாலும் வட்ட அளவில் அதே சிக்கல் இருக்கிறது: 2011 இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கே வட்டங்கள், திருவட்டாரும் கிள்ளியூரும் பின்னர் வந்தவை. கிராம அளவு எண்ணை எடுத்துப் புதிய வட்டங்களாகக் கூட்டுவதே வழி. ஆங்கிலத்தில் நம் மாவட்டப் பெயரைக் கணக்கெடுப்பு இரட்டை 'என்' போட்டு எழுதுகிறது, பிறர் ஒற்றை 'என்' போடுகிறார்கள். பெயரை விட்டுக் குறியீட்டு எண்ணைப் பிடியுங்கள்.

அந்த எண்ணிலும் ஒரு வேடிக்கை. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் குறியீடு 629. நம் அஞ்சல் குறியீடுகளும் 629 என்றே தொடங்குகின்றன. இது தற்செயல். அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களை வெட்டிக் கணக்கெடுப்புப் பட்டியலோடு இணைத்துப் பார்த்து, நம் மாவட்டம் சரியாக வந்ததைக் கண்டு மற்ற மாவட்டங்களையும் நம்பிவிடாதீர்கள்.

கீ காலியாக இருக்கும் வரிகள் எப்படியோ ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. இது நடக்குமா?

நடக்கும். தரவுத்தளங்களின் எஸ்.க்யூ.எல். முறையில் காலி என்பது காலிக்குச் சமமல்ல. பாண்டாஸிலும் ஆர் என்னும் நிரல்மொழியின் டிப்ளையர் தொகுப்பிலும் இயல்பு நிலையில் காலி காலியோடு பொருந்தும். ஒரு பக்கம் 10, மறு பக்கம் 20 காலி இருந்தால் 200 வரிகள் முளைக்கும். இணைப்பதற்கு முன்பே காலிக் கீ உள்ள வரிகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

பொருந்தாமல் நிற்பவை பத்துப் பன்னிரண்டுதான். அழித்துவிட்டு மேலே போகலாமா?

அவை யாருடைய பால் என்று தெரியும்வரை போகக் கூடாது. 'லெஃப்ட் ஆன்டி' பட்டியலை அச்செடுத்து, கொள்முதல் நிலையத்தில் எழுதியவரிடம் காட்டுங்கள்; 84 என்பதை, யாருக்கும் இல்லாத 884 என்று எழுதியிருப்பதை அவர் பார்த்த உடனே சொல்லிவிடுவார். திருத்தத்தை மூலப் பதிவில் செய்யுங்கள், இணைத்த அட்டவணையில் செய்யாதீர்கள். அங்கே செய்த திருத்தம் அடுத்த முறை இணைக்கும்போது அழிந்துபோகும்.

மாதாமாதம் இதையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். இடைவெளி நீக்கியது, வகை மாற்றியது, தமிழ்க் குறிகளைச் சரிசெய்தது, இணைத்தது ஆகிய எல்லாம் பவர் குவரியில் படிகளாகப் பதிந்திருக்கும். புதிய மாதத்தின் கோப்பை அதே பெயரில் அதே இடத்தில் வைத்து 'ரிஃப்ரெஷ் ஆல்' கொடுத்தால் போதும். கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் இருப்பிடம் மாறி இணைப்பு அறுபடும். மூலக் கோப்பின் பாதையை மட்டும் திருத்த வேண்டும். நெடுவரிசையின் தலைப்பை ஒருவர் மாற்றினாலும் படிகள் நின்றுவிடும் என்பதால் தலைப்புகளைத் தொட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஆன்டி இணைப்பையும் ஒரு தனிக் குவரியாக அதே கோப்பில் வைத்திருங்கள். புதிய உறுப்பினர்கள் சேர்ந்த மாதத்தில் அதில் சில வரிகள் கட்டாயம் வரும். ரிஃப்ரெஷ் முடிந்ததும் அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். அது காலியாகவும் கிலோக் கூட்டுத்தொகை மாறாமலும் இருந்தால் பட்டுவாடாப் பட்டியலை அச்செடுக்கலாம்.